வேலூர் வெயிலில் குட்டை ஊசியிலைச் செடிகள் நிற்குமா?

பாலாறு_பக்கம் (காட்பாடி)

வணக்கம். வீட்டு முன்னால் 20க்கு 12 அடி இடம் இருக்கிறது. மேற்குப் பார்த்த வாசல், அதனால் மத்தியானம் 1 மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். தென்மேற்கு மூலையில் காம்பவுண்டை ஒட்டி ஒரு புங்கமரம், வேறு நிழல் கிடையாது. மழைக்காலத்திலிருந்து மாசி வரைக்கும் சாமந்தி, செண்டுமல்லி, ஜினியா என்று எதையாவது வைத்து ஒப்பேற்றிவிடுகிறேன். பங்குனி பிறந்தால் எல்லாம் போய் வெறும் பாத்தியும் காய்ந்த குச்சியும்தான். வெளிநாட்டுத் தோட்ட வீடியோக்களில் குட்டை ஊசியிலைச் செடிகளை உருண்டை, கூம்பு, தரையில் படர்வது என்று கலந்து வைத்து, பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோட்டம் வருஷம் முழுக்க ஒரே அமைப்பாகத் தெரிகிற மாதிரி செய்கிறார்கள். பார்த்ததிலிருந்து ஆசையாக இருக்கிறது. ஆன்லைனில் குட்டை ஆல்பர்ட்டா ஸ்புரூஸ் கன்று, நீல ஸ்புரூஸ் விதை எல்லாம் விற்கிறார்கள், 'கடுமையான தட்பவெப்பத்தையும் தாங்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வாங்கலாமா? நம் பக்கம் யாராவது வைத்திருக்கிறீர்களா?

வாலாஜா_ரோடு

வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். ஸ்புரூஸ் வாங்கும்போதே அதற்கு ஒரு ஸ்ப்ளிட் ஏ.சி.யும் சேர்த்து வாங்கிவிடுங்கள் சார்.

மிச்சிகன்_ஆம்பூர்

சொந்த ஊர் ஆம்பூர், இருப்பது மிச்சிகன். நீங்கள் வீடியோவில் பார்த்த அதே ஆல்பர்ட்டா ஸ்புரூஸ் என் வாசலில் நிற்கிறது, அந்த உரிமையில் சொல்கிறேன், வாங்காதீர்கள். அவர்கள் 'தாங்கும்' என்று போடுவது குளிரை. இங்கே செடி லேபிளில் ஜோன் என்று ஓர் எண் இருக்கும், குளிர்காலத்தில் ஓர் ஊரின் வெப்பநிலை எவ்வளவு கீழே இறங்கும் என்பதை வைத்து அமெரிக்க விவசாயத் துறை போட்ட கணக்கு அது. ஜோன் 3 என்றால் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கக்கூடிய ஊர். கோடையைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தை பேசாது. வெயிலுக்கென்று அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் தனி வரைபடமே போட்டது, வருஷத்தில் எத்தனை நாள் 30 டிகிரியைத் தாண்டுகிறது என்று எண்ணி 12 மண்டலமாகப் பிரித்தார்கள். 210 நாளுக்கு மேல் தாண்டினால் 12ஆவது மண்டலம், அதற்கு மேல் மண்டலமே கிடையாது. வேலூரை எங்கே வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, இங்கே ஏன் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றால், நவம்பரில் இலை கொட்டினால் ஏப்ரல் கடைசி வரைக்கும் தோட்டத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. வெறும் குச்சி, அதன் மேல் பனி. அப்போது பச்சையாக நிற்பது இவை மட்டும்தான். குட்டை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்படி வருஷத்துக்கு 2.5 செ.மீ.க்குள் வளர்ந்தால் மினியேச்சர், 2.5லிருந்து 15 செ.மீ.க்குள் என்றால் குட்டை. அதாவது குட்டை என்று வாங்கியதும் நிற்காமல் வளரும், மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

நீல ஸ்புரூஸ் விதை விஷயம் சுத்த ஏமாற்று. குட்டை ரகங்கள் விதையில் வராது. ஒரு பெரிய மரத்தில் எங்கோ ஒரு கிளை மட்டும் அடர்ந்து குறுகி வளர்ந்திருக்கும், அல்லது விதையில் முளைத்த ஆயிரத்தில் ஒன்று குள்ளமாக நிற்கும், அதிலிருந்து குச்சி வெட்டியோ ஒட்டுக்கட்டியோதான் பெருக்குவார்கள். ஆல்பர்ட்டா ஸ்புரூஸ்கூட 1904இல் கனடாவில் ஆல்பர்ட்டா மலைப்பகுதியில் ரயில் வருவதற்குக் காத்திருந்த இரண்டு தாவரவியலாளர்கள் சும்மா சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கண்ணில் பட்டதுதான். இப்போதும் அதில் திடீரென்று ஒரு கிளை மட்டும் பழைய புத்தி வந்து பெரிய மரமாகக் கிளம்பும், அதை உடனே அடியோடு வெட்டாவிட்டால் அந்தக் கிளையே செடியை விழுங்கிவிடும். நீங்கள் வாங்கும் நீல விதை முளைத்தாலும் 60, 70 அடி போகிற மரத்தின் விதைதான். ஆனால் காட்பாடியில் அந்தக் கவலை வேண்டாம், அவ்வளவு தூரம் போகாது.

பாலாறு_பக்கம் (காட்பாடி)

சரி, ஸ்புரூஸ் ஆசையை விட்டுவிட்டேன். ஆனால் பங்குனியிலிருந்து ஆடி வரை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறதே. ஊசியிலையில் நம் ஊருக்கு ஒன்றுமே இல்லையா? ஏலகிரியில் நிறைய பார்த்திருக்கிறேன்.

ஏலகிரிக்காரன்

ஏலகிரி கணக்கு வேறு அண்ணா. நாங்கள் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், நீங்கள் 200 மீட்டரை ஒட்டி. இங்கே சைப்ரஸ், ஜூனிபர் எல்லாம் ரிசார்ட் வாசலில் நன்றாகவே நிற்கும். ஸ்புரூஸ் இங்கேயும் கிடையாது. இங்கே நிற்பதைப் பார்த்துக் கீழே கொண்டுபோய் வைத்தவர்கள் பல பேர், போன் பண்ணி 'ஏன் பழுத்துப் போகிறது' என்று கேட்பார்கள்.

தாவரவியல்_ஆசிரியர் (வாணியம்பாடி)

பணி ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். ஏலகிரிக்கும் காட்பாடிக்கும் இருக்கும் வித்தியாசம் அதுதான். பகல் வெயிலை மட்டும் பார்க்காதீர்கள், இரவையும் பாருங்கள். செடி பகலில் சம்பாதிக்கிறது, இரவில் மூச்சு விட்டுச் செலவழிக்கிறது. இரவும் 28 டிகிரியில் வெந்தால் சம்பாதித்தது முழுக்கச் செலவாகிவிடும். ஸ்புரூஸ், பர் மாதிரி குளிர்நாட்டு மரங்களுக்கு இன்னொரு தொல்லை. இலையுதிர் காலத்தில் மொட்டு கட்டிக்கொண்டு தூங்கும், பல வாரம் 7 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால்தான் அந்த மொட்டு மறுபடி திறக்கும். நம் ஊரில் ஜனவரி இரவே 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தச் செடி முதல் கத்திரியில் சாகாமல் தப்பித்தாலும் அடுத்த தளிர் வராது. பச்சையாகவே நின்று மெல்லச் சாகும்.

ஆனால் ஊசியிலை மரங்கள் எல்லாமே குளிர்நாட்டுச் சொத்து என்று நினைக்க வேண்டாம். தென்னிந்தியாவிலேயே இயற்கையாக வளர்கிற ஊசியிலை மரம் ஒன்று உண்டு, நாகேயியா வாலிச்சியானா, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் இருக்கிறது. இலை ஊசியாகக்கூட இருக்காது, அகலமாக இருக்கும். விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள், சுமார் 2 கோடி வருஷம் என்கிறார்கள், அதிலும் ஊசியிலை வகை மரக்கட்டை இருக்கிறது.

காட்பாடி தரைக்கு என் கணக்கில் தேறுவது மூன்று: தூஜா என்று விற்கிற பிளாட்டிகிளாடஸ் ஓரியண்டாலிஸ், நீண்ட பட்டை இலை உள்ள பொடோகார்பஸ், கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிற அரக்கேரியா. நிழல் கொடுத்தால் ஜூனிபர் அரைகுறை.

குடியாத்தம்_நர்சரி

சார் சொன்ன மூன்றும் நம்மிடம் போகிற சரக்குதான். ஆனால் தூஜாவில் இரண்டு வகை வரும், இது தெரியாமல் நிறைய பேர் வாங்குகிறார்கள். விதையில் வந்த சாதா தூஜா 10, 12 அடி அசால்டாகப் போகும், வயதானால் அடி திறந்துகொண்டு நடுவில் பிளந்து நிற்கும். 'ஆரியா நானா' என்கிற தங்கக் குட்டை ரகம்தான் உங்களுக்கு வேண்டியது, முட்டை வடிவத்தில் அடர்ந்து வரும், இடுப்பளவு போகவே பல வருஷம். பையில் இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். குட்டை ரகத்தில் கிளை அடியிலிருந்தே நெருக்கமாக இருக்கும், நுனி மஞ்சள் பூத்திருக்கும், நடுத்தண்டு மட்டும் தனியாக மேலே ஓடாது.

பெரும்பாலும் செடி ஆந்திராவில் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வரும், வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை. அதை அப்படியே நம் செம்மண்ணில் வைத்தால், சுற்றிலும் ஈரம் இருக்கும், உருண்டைக்குள் மட்டும் காய்ந்து கல்லாகிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் குமிழ் வருவது நிற்கும் வரை ஊற வைத்து, வெளிப்பக்கக் களியை மட்டும் விரலால் உதிர்த்துவிட்டு நடுங்கள். மொத்தமும் கழுவி வேரை அம்மணமாக்காதீர்கள், ஊசியிலைச் செடிக்கு அது ஆகவே ஆகாது.

பாலாறு_பக்கம் (காட்பாடி)

அண்ணா, தூஜா என்றதும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. 'கல்லறைத் தோட்டத்தில் வைக்கிற செடியை வாசலில் வைப்பாயா' என்கிறார் மாமியார்.

குடியாத்தம்_நர்சரி

வடக்கே அதையே வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜோடியாக வைத்தால் லட்சுமி வருவாள் என்கிறார்கள் தம்பி. நாங்கள் கேட்கிற ஆளைப் பார்த்து இரண்டில் ஒன்றைச் சொல்லுவோம்.

மாடிச்செடி (சத்துவாச்சாரி)

நான் மாடியில் தொட்டியில் தூஜா வைத்திருக்கிறேன், நல்லா இருக்கிறது. இந்தச் செடியைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு அழகு, இலைத்தட்டுகள் படுக்கையாக இல்லாமல் நிமிர்த்தி வைத்த புத்தகத்தின் தாள்கள் மாதிரி செங்குத்தாக நிற்கும். காய் கட்டும்போது நீலம் பூசினது போல ஒரு சாம்பல் படலம், ஒவ்வொரு செதிலிலும் சின்னதாக வளைந்த கொம்பு. தங்க ரகம் குளிர்மாதத்தில் கொஞ்சம் செம்பு நிறம் ஏறும், அதைப் பார்த்துப் பயந்து உரம் கொட்டக் கூடாது.

நம் ஊரில் இதற்கு எமன் வெயிலைவிடப் போர் தண்ணீர்தான். சத்துவாச்சாரி தண்ணீர் உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நுனி மட்டும் எரிந்த மாதிரி பழுப்பாகிறது என்றால் பெரும்பாலும் உப்புதான். மாதம் ஒரு முறை அடி ஓட்டையில் தாராளமாக வழிகிற அளவு ஊற்றி உப்பைக் கழுவி விடுவேன், மழைத்தண்ணீர் இருந்தால் அதில். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இல்லை, கோடையில் அதைப் பிடித்து ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள், உப்பை இரண்டு மடங்காக்கி ஊற்றுவதற்குச் சமம்.

அப்புறம் கறுப்பு க்ரோ பேக் வேண்டாம். சித்திரை வெயிலில் பைக்கு வெளியே கை வைத்தால் சுடும், உள்ளே வேருக்கு எப்படி இருக்கும். தடிமனான சிமெண்ட் தொட்டி, வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு. எம்.சாண்ட் கலப்பவர்கள் சலித்துத் தூசியை எடுத்துவிட்டுக் கலக்கணும், இல்லாவிட்டால் பூச்சு வேலை செய்த மாதிரி இறுகிவிடும்.

வாலாஜா_ரோடு

மேடம் உள்பக்கம் இலை பழுப்பாகக் கொட்டுகிறதே, அது என்ன? எங்கள் அலுவலக வாசலில் இருப்பதில் கையை விட்டால் உள்ளே முழுக்கச் சருகு.

மாடிச்செடி (சத்துவாச்சாரி)

அது வயதான இலை, வருஷாவருஷம் உள்ளே உதிரும், கையால் உருவிவிட்டால் காற்றோட்டம் வரும். பழுப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். உள்ளே என்றால் முதுமை. நுனி என்றால் உப்பு அல்லது தண்ணீர்ப் பற்றாக்குறை. ஒரு பக்கம் மொத்தமாக அடியிலிருந்து மங்கினால் வேரழுகல், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கியிருக்கும். பச்சை வெளுத்துத் தூசி படிந்த மாதிரி இருந்தால் செஞ்சிலந்தி. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் புள்ளி புள்ளியாக விழும், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் புள்ளி நடக்கும். பங்குனி, சித்திரை வறட்சியில்தான் இது பெருகும். ஹோஸ் வைத்து வேகமாக அடித்தே பாதியைக் கழுவிவிடலாம், வேப்பெண்ணெய் அடிப்பதானால் வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். கந்தகத்தூளைக் கோடையில் தொடவே வேண்டாம், 32 டிகிரிக்கு மேல் இலையைக் கருக்கிவிடும்.

மிச்சிகன்_ஆம்பூர்

அந்த வெள்ளைத்தாள் வித்தையைத்தான் இங்கேயும் செய்கிறோம், ஆல்பர்ட்டா ஸ்புரூஸின் பரம எதிரி சிலந்திதான். ஆனால் இங்கே வருகிற ஜாதி குளிர்ந்த வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் அதிகம் தின்னும்.

கேட்டு_வாங்கி (இராணிப்பேட்டை)

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்று கொடுத்த அரக்கேரியா தரையில் வைத்து இப்போது மாடியைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் தெற்கே சாய்ந்து நிற்கிறது. கம்பு கட்டலாமா? பக்கத்துக் கிளையை வெட்டிப் பதியம் போட்டால் இன்னொன்று வருமா?

தாவரவியல்_ஆசிரியர் (வாணியம்பாடி)

நீங்கள் வைத்திருப்பது நியூ காலிடோனியாவைச் சேர்ந்த குக் பைனாக இருக்கும், இங்கே நார்போக் பைன் என்ற பேரில் விற்பது பெரும்பாலும் அதுதான். அது சாய்கிற ஜாதியே. 2017இல் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து பார்த்தார்கள், சராசரியாக 8.55 டிகிரி சாய்வு. வடக்கு அரைக்கோளத்தில் தெற்கே, தெற்கு அரைக்கோளத்தில் வடக்கே, ஆக எங்கே இருந்தாலும் பூமத்திய ரேகையைப் பார்த்துத்தான் சாயும். தூரம் கூடக் கூடச் சாய்வும் கூடும். நாம் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் உங்களுடையது லேசாகத்தான் இருக்கும், கம்பு கட்டிப் பயன் இல்லை.

பக்கக் கிளையைப் பதியம் போட்டால் வேர் பிடிக்கும், ஆனால் அது காலத்துக்கும் படுக்கையாகவே வளரும், நிமிராது. உச்சிக் குருத்தை வெட்டினால்தான் நேரான செடி, அதை வெட்டினால் தாய்மரத்தின் அழகு போய்விடும். காட்பாடி நண்பருக்கும் இதையே சொல்கிறேன், இது 60 மீட்டர் வரை போகிற மரம், 20க்கு 12 அடியில் தரையில் வைக்காதீர்கள். தொட்டியில் சில வருஷம் வைத்துப் பார்க்கலாம்.

ஏலகிரிக்காரன்

ஊசி மாதிரி இருக்கணும் அவ்வளவுதானே, சவுக்கை வைத்துக் கத்தரித்தால் என்ன?

தாவரவியல்_ஆசிரியர் (வாணியம்பாடி)

நல்ல யோசனை, நானே சொல்லவிருந்தேன். சவுக்கு ஊசியிலை மரம் இல்லை, பூக்கும் தாவரம். ஊசி என்று நாம் நினைப்பது உண்மையில் மெல்லிய தண்டு, பிடித்து இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும், அந்தக் கணுவில் பல் பல்லாகச் சுற்றி இருப்பதுதான் இலை. வேரில் தழைச்சத்து சேர்த்துக்கொள்ளும், உப்புத் தண்ணீரையும் பொறுக்கும். அடிக்கடி வெட்டினால் கூம்பாகவோ சுவராகவோ நிறுத்தலாம். ஆனால் விட்டால் மரமாகிவிடும், மாதம் ஒரு முறை கத்தரி பிடிக்கத் தயார் என்றால் மட்டும் வையுங்கள்.

எனக்குப் படுவதைச் சொல்கிறேன். மிச்சிகன்காரர் தோட்டம் காலியாவது பனியில், அதனால் பனியில் நிற்பதை வைக்கிறார். நம் தோட்டம் காலியாவது கத்திரியில். மே மாதம் 42 டிகிரியில் உருவம் கலையாமல் நிற்பது எது என்று தெருவில் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் தெருவில் சங்கங்குப்பி வேலி நிற்கிறது, சைகஸ் நிற்கிறது, களாச்செடி நிற்கிறது, சிவப்புக் குழல்பூ பூக்கிற ரஸ்ஸேலியா பூத்தபடியே நிற்கிறது. ஊசியிலையை இவற்றோடு கலந்து இரண்டோ மூன்றோ வைத்தால் போதும். முழுத் தோட்டத்தையும் அதிலேயே கட்டணும் என்று ஏன் பிடிவாதம்?

மிச்சிகன்_ஆம்பூர்

ஒத்துக்கொள்கிறேன், ஒரு சின்னத் திருத்தம். இங்கேயும் முழுக்க ஊசியிலை வைத்தவர்கள் தோட்டம் செடிக்கடை மாதிரிதான் இருக்கும். ஒரு கூம்பு, ஓர் உருண்டை, ஒன்று படர்வது, நடுவே நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பாலாறு_பக்கம் (காட்பாடி)

சரி, ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். கேட்டுக்கு இரண்டு பக்கமும் தங்கத் தூஜா ஒவ்வொன்று (மாமியாரிடம் லட்சுமி கதை வேலை செய்தது). படிக்கட்டு ஓரம், புங்கமர நிழல் சாயங்காலம் படுகிற இடத்தில் பொடோகார்பஸ், கூம்பாகக் கத்தரித்து. வடக்குச் சுவர் ஓரம் சங்கங்குப்பி முழங்கால் உயர வேலி. படர்கிற ஜூனிபருக்குப் பதிலாக ரஸ்ஸேலியா. நடுவில் பூச்செடிப் பாத்தி, கோடையில் அது காலியாக இருந்தாலும் சுற்றிலும் ஒரு சட்டம் இருக்கும். எப்போது நடலாம்? வைகாசியில் லீவு இருக்கிறது.

குடியாத்தம்_நர்சரி

வைகாசி வேண்டாம் தம்பி. ஆடி, ஆவணியில் நம் பக்கம் சாயங்காலம் இடி மழை பெய்யும் பாருங்கள், அப்போது நடுங்கள். ஐப்பசி மழையில் வேர் ஓடிவிடும், அடுத்த பங்குனிக்குள் எட்டு மாதம் கிடைக்கும். தூஜாவை வடக்குச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், குறைந்தது 3 அடி தள்ளி, தெற்கு வெயில் அந்தச் சுவரில் பட்டு இரவு வரைக்கும் சூடு கக்கும். குழியில் பாதிக்குப் பாதி நம் மண்ணே இருக்கட்டும், மிச்சம் சலித்த பருக்கை மணலும் மக்கிய எருவும். மேடாக ஒரு சாண் உயர்த்தி நடுங்கள், மழைக்குத் தண்ணீர் நிற்காது. செடியடியில் மண்ணுக்கு மேல் வேர்க்கடலைத் தோல் மூன்று விரல் தடிமனுக்கு, தண்டை ஒட்டாமல். முதல் கோடைக்கு மட்டும் மேற்குப் பக்கம் 50 சதவீதப் பச்சை வலை கட்டுங்கள், தலைக்கு மேலே மூட வேண்டாம்.

பாலாறு_பக்கம் (காட்பாடி)

புங்கன் மாசியில் இலை கொட்டுமே, அப்போது பொடோகார்பஸுக்கு வெயில் அடிக்காதா?

தாவரவியல்_ஆசிரியர் (வாணியம்பாடி)

கொட்டுவது கொஞ்ச நாள்தான், ஏப்ரலுக்குள் புதுத்தளிர் வந்து நிழல் கட்டிவிடும். கத்திரி தொடங்கும் மே 4 வாக்கில் உங்களுக்கு முழு நிழல் இருக்கும். புங்கன் வேர் தண்ணீருக்குப் போட்டி போடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பொடோகார்பஸுக்கு வாரம் ஒரு முறை தனியாக ஆழமாக ஊற்ற வேண்டியிருக்கும்.

மாடிச்செடி (சத்துவாச்சாரி)

கத்தரிப்பதில் ஒரு எச்சரிக்கை. பொடோகார்பஸை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். தூஜா அப்படி இல்லை. பச்சை இலை இருக்கிற நுனியை மட்டும் கிள்ளுங்கள், உள்ளே பழுப்புக் கட்டை வரைக்கும் கத்தரி போனால் அந்த ஓட்டை ஓட்டைதான், மூடாது. வேலைக்காரர் சங்கங்குப்பியை வெட்டுகிற அதே வேகத்தில் அதிலும் கை வைத்துவிடுவார், அன்றைக்கு மட்டும் வீட்டில் இருங்கள்.